விரிசல் இல்லாத பள்ளம்

மற்றவர்கள் படித்த பள்ளிக்கூடங்களைச் சொல்வதுபோல, அப்பனிடம் வாங்கிய அடிகளைச் சின்னவன் வரிசையாகச் சொல்வான். ஏழு வயதில் சுத்தியல் பிடியால் புறங்கையில். ஒன்பது வயதில் ஃபேன் பெல்ட்டால் முதுகில். பதினொரு வயதில் இடது காதில். அந்தக் காது இன்றும் பாதிதான் கேட்கும். மூன்றுக்கும் ஒரே காரணம். தட்டும்போது பெயிண்ட் விரிசல் விட்டுவிட்டது.

அப்பனுக்கு டிங்கர் வேலை. இடிபட்டு நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்துவது. வீட்டுக்குப் பின்னால் தகரம் வேய்ந்த பட்டறை, உள்ளே இரண்டு மகன்கள். "தகரம் எவ்வளவு வேணா வளையட்டும். பெயிண்ட் மட்டும் உடைஞ்சுது, உன் கையை உடைப்பேன்" என்பான். சொன்னதைச் செய்கிற மனிதன்.

அதற்காக அப்பன் கண்டுபிடித்த முறை ஒன்று இருந்தது. மூடிப்போன ஆலையிலிருந்து வாங்கிவந்த தடித்த கேன்வாஸ் பெல்ட்டை இரண்டாக மடித்து, தண்ணீரில் நனைத்து, பெயிண்டின்மேல் போட்டுவிட்டுத்தான் சுத்தியலை இறக்க வேண்டும். அடி பரவிப் போகும், தகரம் வளையும், பெயிண்ட் பிழைக்கும். ஊரில் வேறு எவனும் இதற்கு மெனக்கெடுவதில்லை. நாலு போடு போட்டு, பட்டி பூசி, புதுப் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். அண்ணன் தம்பி இருவருக்கும் அந்தத் துணி இல்லாமல் கை ஓங்கவே வராது. இதை ஒழுக்கம் என்று புகழ்ந்தவர்கள் உண்டு. ஒழுக்கமாவது! உடம்பில் ஏறிய பயம் மூளையைக் கேட்காமலே வேலை செய்யும். அவ்வளவுதான்.

அப்பன் குடித்துச் செத்த பிறகு அண்ணன் மெயின்ரோட்டில் கண்ணாடி அறை வைத்த பெரிய பட்டறை போட்டான். தம்பி பழைய தகரக் கொட்டகையிலேயே இருந்துவிட்டான். ஊர் அவர்களைப் பெரியவன், சின்னவன் என்றே அழைத்தது. சின்னவனுக்கு வேலை குறைந்துகொண்டே வந்தது. இப்போதெல்லாம் நசுங்கிய கதவை யாரும் நிமிர்த்துவதில்லை, கழற்றிப் போட்டுவிட்டுப் புதுக் கதவு மாட்டுகிறார்கள். அந்த வீட்டில் உலை கொதித்தது அவன் மனைவியால். அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டினாள்.

குழந்தைகளை ஏற்றிச்செல்லும் வேனுக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். அதற்கு அவள் மூன்று முறை தேர்வுக்குப் போனாள். முதல் முறை, "பொம்பளைக்கு எதுக்கும்மா வேனு?" என்று சிரித்து அனுப்பினார்கள். இரண்டாம் முறை சிரிக்காமல் அனுப்பினார்கள். மூன்றாம் முறை, பின்பக்கமாக வேனை எடுத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே நிறுத்திவிட்டு இறங்கி, "இப்ப நீங்க ஓட்டிக் காட்டுங்க சார்" என்றாள். வாங்கிவிட்டாள். ஒன்பது வருடம், ஒரு கீறல் இல்லை. அந்த லைசென்ஸில் ஒரு விதி உண்டு: ஓட்டுநரின் தவறால் ஒருவர் காயம்பட்டார் என்று முடிவானால் ஆயுளுக்கும் ரத்து.

ஒரு மாலை, மூன்றே முக்கால் மணி. கடைசிக் குழந்தையையும் இறக்கிவிட்டுக் காலி வேனோடு திரும்பிக்கொண்டிருந்தாள். சிக்னலில் பச்சை விழுந்தது. முன்னால் நின்ற வெள்ளைக் கார் நகர்ந்தது, நாலடி போய்ச் சட்டென்று நின்றது. வேன் அதன் முதுகைத் தொட்டது. தொட்டது என்பதுதான் சரியான சொல். அவள் தோள்பை சீட்டிலிருந்து கீழேகூட விழவில்லை. காரில் இருந்தது ஓர் ஆள், ஓட்டியவன் மட்டும். இறங்கி வந்து டிக்கி மூடியைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தான். "ஒண்ணுமில்லக்கா, போங்க போங்க" என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே வேன் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து கணவனிடம் காட்டினாள். வேனின் முன் பம்பரில் ஒட்டியிருந்த ரப்பர் பட்டையில் நகம் அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு. "துணியால துடைச்சாப் போயிடும்" என்றான் சின்னவன். துடைத்தான். போய்விட்டது.

நாலாம் நாள் நோட்டீஸ் வந்தது. காரில் மூன்று பேர் இருந்தார்களாம். ஒருவனுக்கு இடுப்பு எலும்பில் அடி, இருவருக்குக் கழுத்து. மூன்று மருத்துவச் சான்றிதழ்கள், மூன்றிலும் ஒரே கையெழுத்து. போக்குவரத்து அலுவலகத்தில் அவள் லைசென்ஸை வாங்கி அதிகாரி மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். பன்னிரண்டு நாள் கழித்து விசாரணை.

வேனுக்கு இன்சூரன்ஸ் செய்த கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். தோளில் லேப்டாப் பை, முகத்தில் தூக்கமின்மை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பேனாவை மூடிவைத்தாள்.

"பொய்க் கேஸுன்னு எனக்கே தோணுதுக்கா. இந்த மாசம் இது ஆறாவது. ஆனா வழக்காடினா செலவு ஜாஸ்தி, மூணு பேருக்கும் கொஞ்சம் கொடுத்து முடிச்சிடுங்கன்னு மேல சொல்லிட்டாங்க. உங்க கையிலருந்து ஒத்தக் காசு போகாது. பயப்படாதீங்க."

"நீங்க கொடுத்து முடிச்சா நான் இடிச்சதா ஆயிடுமே?"

"பேப்பர்ல அப்படித்தான் வரும்."

"அப்ப என் லைசென்ஸ்?"

"அது எங்க டிபார்ட்மென்ட் இல்லக்கா."

இப்படித்தான் நடக்கிறது. திருடனுக்குத் திருட்டு லாபம். கம்பெனிக்குத் திருடனோடு சமாதானமாகப் போவது லாபம். இருவரும் கைகுலுக்கும்போது நடுவில் ஒரு கழுத்து நசுங்கும். அது கட்டுப் போடாத கழுத்து என்பதால் எந்தச் சான்றிதழிலும் வராது.

அவள் அன்று அழவில்லை. பாத்திரம் தேய்க்கிற இடத்தில் உட்கார்ந்து ஒரே குக்கரை அரை மணி நேரம் தேய்த்தாள். சின்னவன் வந்து குக்கரைப் பிடுங்கி வைத்தான். "காரை நான் ஒரு தடவை பார்க்கணும்" என்றான்.

வெள்ளைக் கார் போக்குவரத்து அலுவலகத்தின் பின்முற்றத்தில் சாட்சிப் பொருளாக நின்றது. காவலாளியிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்து உள்ளே போனான். டிக்கி மூடியில் சோற்றுத் தட்டு அளவுக்குப் பள்ளம், நாலு விரல் ஆழம். இவ்வளவு ஆழத்துக்கு ஒரு வேன் இடித்திருந்தால் பள்ளத்தின் ஓரத்தில் பெயிண்ட் முட்டை ஓடுபோல் நொறுங்கியிருக்க வேண்டும். நொறுங்கவில்லை. வேனின் மஞ்சள் எங்கேயும் ஒட்டவில்லை. உள்ளங்கையை வைத்துத் தடவினான். வழவழவென்று இருந்தது. குனிந்து, கண்ணாடியைத் துடைக்க ஊதுவதுபோல் வாயால் ஊதினான். ஆவி படிந்த இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக, மெல்லிய நெசவுக் கோடுகள் எழுந்தன.

ஈரக் கேன்வாஸ்.

காரின் பின்சக்கரத்தில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பொய்யாக ஒரு பள்ளம் போடும்போதுகூடப் பெயிண்டைக் காப்பாற்றியிருக்கிறான் அடித்தவன். தொழிலில் இப்படி ஒரு முட்டாள்தனத்தைச் செய்யக்கூடியவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவன் இங்கே உட்கார்ந்திருக்கிறான்.

நேராக மெயின்ரோட்டுக்குப் போனான். பெரியவன் ஒரு கதவைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"வெள்ளைக் கார் டிக்கி. நீயா அடிச்சே?"

"ஏன், நல்லால்லியா?"

"எந்த வேன் இடிச்சதுன்னு கேட்டியா?"

"கம்பவுண்டர் காரைக் கொண்டு வருவான், 'பெருசாக்கு'ம்பான். ஆக்குவேன். கறிக்கடைக்காரன் ஆட்டோட அம்மா பேரா கேக்குறான்?"

"இடிச்சது என் பொண்டாட்டி வேன்."

பெரியவன் கையிலிருந்த ஸ்பேனர் நின்றது. ஒரு நொடிதான். பிறகு மறுபடியும் திருகத் தொடங்கினான். "எனக்குத் தெரியாதுடா. தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சாச்சில்ல? வந்து சொல்லு."

"சொன்னா நான் உள்ள போவேன். என் பட்டறை போயிடும். அவ வேற வேலை பாத்துக்கட்டும். ஊர்ல இல்லாத வேலையா? நான் அடிக்கலேன்னா இன்னொருத்தன் அடிச்சிருப்பான்டா. அதுவும் கேவலமா அடிச்சிருப்பான்!"

அங்கே கழற்றி வைத்திருந்த ஒரு கதவைச் சின்னவன் தூக்கி அண்ணன்மேல் எறிந்தான். பெரியவன் ஒதுங்க, அது கண்ணாடி அறையின் ஒரு பக்கத்தைச் சில்லுசில்லாக்கிக்கொண்டு உள்ளே விழுந்தது. அடுத்த கணம் ரப்பர் சுத்தியல் சின்னவனின் தோள்பட்டையில் இறங்கியது. அவன் குனிந்து பெரியவனின் இடுப்பைக் கட்டித் தூக்கி ஒரு காரின் பானெட்மேல் அறைந்தான். பெரியவன் அவன் செவிட்டுக் காதிலேயே குத்தினான். எந்தப் பக்கம் வலிக்கும் என்று அண்ணனுக்குத் தெரியாதா? இருவரும் எண்ணெய்த் தரையில் உருண்டார்கள். மூக்கு, பல், முழங்கை, எதுவும் மிச்சமில்லை. வேலைக்காரர்கள் விலக்கப் பயந்து வட்டமாக நின்றார்கள்.

மாடியிலிருந்து அண்ணி இறங்கி வந்தாள். ஒரு வாளித் தண்ணீரை இருவர்மேலும் கவிழ்த்தாள்.

"நாய்ச் சண்டைக்கு இதான் மருந்து. எந்திரிங்க ரெண்டு பேரும்! தம்பி, வாயில ரத்தம் வருது, துப்பு. என் வாசல்ல துப்பாதே, ரோட்ல போய்த் துப்பு."

சின்னவன் ரோட்டில் துப்பினான். "அண்ணி, உங்க புருஷன் செஞ்ச வேலைல என் வீட்ல அடுப்பு அணையப் போகுது."

அண்ணி கணவனைப் பார்த்தாள். பெரியவன் தரையில் கண்ணாடிச் சில்லுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று மதியம் பெரியவன் கம்பவுண்டருக்கு ஒரு போன் செய்தான். தம்பி கண்டுபிடித்துவிட்டான், கொஞ்சம் பேசி அமைதிப்படுத்துங்கள் என்றுதான் சொன்னானாம். பேசுவார்கள் என்றுதான் நினைத்தானாம். அடியாள் வைத்திருப்பவனிடம் பேசச் சொன்னால் அவன் எதைக் கொண்டு பேசுவான் என்று தெரியாத அளவுக்குப் பெரியவன் பச்சைக் குழந்தை இல்லை.

கம்பவுண்டர் ஒரு காலத்தில் ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுத்தவன். அங்கிருந்து விரட்டப்பட்டபோது சான்றிதழ்ப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்துவிட்டான். அதுவே அவனுடைய பொய் விபத்துத் தொழிலுக்கு முதல். சண்டைக்கு மறுநாள், பக்கத்துப் பட்டறைகளில் கிரைண்டர் கத்திக்கொண்டிருந்த பதினொன்றரை மணிக்கு, தகரக் கொட்டகைக்கு வந்தான். கூடவே மூன்று பேர். காரை ஓட்டியவன் ஒருவன். இடுப்பெலும்பு உடைந்தவன் தாவிக் குதித்து உள்ளே வந்து ஷட்டரை இழுத்துவிட்டான். மூன்றாமவன் தடியன், கழுத்தில் வெள்ளைக் கட்டுப் பட்டை.

"தம்பி, வணக்கம்" என்றான் கம்பவுண்டர். "உங்க அண்ணன் எனக்கு அண்ணன் மாதிரி. அப்ப நீங்க தம்பி. விசாரணைக்கு வராதீங்க. உங்க வீட்டம்மாவுக்குத் துணிக்கடைல வேலை வாங்கித் தரேன். நிழல்ல நிக்கிற வேலை."

"வருவேன்" என்றான் சின்னவன்.

தடியன் கழுத்துப் பட்டையைக் கழற்றினான். அதை மாட்டிக்கொண்டு கை வீச வசதியில்லை. சுவரில் ஆணி தேடி, அழுக்குப் படாத ஆணியாகப் பார்த்து மாட்டிவிட்டு வந்து, சின்னவனின் வயிற்றில் உதைத்தான். சின்னவன் விழுந்த இடத்தில் கையில் கிடைத்த இரும்புக் கட்டையால் அவன் கணுக்காலில் அடித்தான். தடியன் அலறினான். அதுதான் அந்தக் கும்பலில் ஒருவனுக்கு ஏற்பட்ட முதல் உண்மையான காயம். பிறகு மூன்று பேரும் சேர்ந்து மிதித்தார்கள். விலா எலும்பு ஒன்று உடைந்தது அவனுக்கே கேட்டது. இழுத்துக்கொண்டு போய் மேசையில் பொருத்தியிருந்த, இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸுக்குள் அவன் வலக்கையைத் திணித்தார்கள்.

கம்பவுண்டர் குனிந்து, நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "மணிக்கட்டு வேண்டாம்பா, உயிர் நரம்பு இருக்கு. விரல் நாலு மட்டும் வை. ம், அப்படித்தான். மெதுவா."

இடுப்பெலும்புக்காரன் கைப்பிடியைச் சுற்றினான். முதல் சுற்றில் சின்னவன் கெட்ட வார்த்தை சொன்னான். இரண்டாவதில் அப்பனைக் கூப்பிட்டான், அந்த அப்பனையா என்று பிறகு அவனே சிரித்துக்கொண்ட விஷயம். மூன்றாவதில் சத்தம் எதுவும் இல்லை. கிரைண்டர்கள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன.

போகும்போது தடியன் நொண்டிக்கொண்டே திரும்பி வந்து ஆணியிலிருந்து பட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் நாலு விரலுக்கும் கம்பி வைத்துக் கட்டினார்கள். எழுதிக்கொள்ள வந்த ஊழியர் கேட்டார்: "எப்படி ஆச்சு?"

"வைஸ்ல வச்சு நசுக்கினாங்க."

"வைஸு பட்டறைலதானே இருக்கு?"

"ஆமா."

"பட்டறை உங்களுதுதானே?"

"ஆமா."

"அப்ப தொழில் விபத்து" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

இதையும் கவனிக்க வேண்டும். உடையாத மூன்று பேருக்கு முத்திரை குத்திய காகிதம் இருந்தது. உடைந்தவனுக்கு அவன் கையே அவன்மீது சாட்சி சொன்னது. காகிதத்தைக் கும்பிடுகிற உலகத்தில் எலும்புக்கு மரியாதை கிடையாது.

மனைவி படுக்கையருகே உட்கார்ந்து அவன் கட்டைப் பார்த்தாள். "விட்ரலாங்க. துணிக்கடைக்கே போறேன்."

"நிழல்ல நிக்கிற வேலையாம்" என்றான் சின்னவன். சிரித்தால் விலா வலித்தது. "என் கை போச்சு. இப்ப போய் விட்டா, கை சும்மா போனதா ஆயிடும். உன்கிட்ட ரெண்டு கை இருக்கு. பதினாலு வருஷமா நான் அடிக்கிறதைப் பாத்துட்டுத்தானே இருக்கே?"

விசாரணை நாளன்று அவள் பக்கத்து வீட்டுக்காரரின் தள்ளுவண்டியில் இரண்டு பழைய டிக்கி மூடிகளை ஏற்றிக்கொண்டு வந்தாள். இரண்டும் வெள்ளை, பழைய பெயிண்ட். கூடவே ஒரு கனத்த சுத்தியல், ஒரு வாளித் தண்ணீர், மடித்த கேன்வாஸ். கைக்கட்டோடு வந்த சின்னவன் ஓரமாக உட்கார்ந்தான்.

"என்னம்மா இது, சர்க்கஸா?" என்றார் போக்குவரத்து அதிகாரி. முற்றத்தில் அவருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் கம்பவுண்டர். அவன் பின்னால் கட்டோடு மூன்று பேர். தடியனின் கணுக்காலிலும் இப்போது கட்டு இருந்தது. அதையும் விபத்துக் கணக்கில் சேர்த்து நாலாவது சான்றிதழ் கொண்டுவந்திருந்தான்! இன்சூரன்ஸ்காரி தள்ளி நின்று போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு நிமிஷம் சார்" என்றாள் சின்னவன் மனைவி. "என் லைசென்ஸை ரத்து பண்றதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் கொடுங்க."

முதல் மூடியைச் சுவரில் சாய்த்தாள். சுத்தியலை இரண்டு கையாலும் ஓங்கி அடித்தாள். துணி இல்லாமல். பெயிண்ட் நொறுங்கித் தெறித்தது. இரண்டாவது அடியில் தகரம் தெரிந்தது. நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தவில்லை. சிரித்து அனுப்பிய முகங்கள், திருடர்களோடு சமாதானம் பேசும் கம்பெனி, தொழில் விபத்து என்று எழுதிய பேனா, எல்லாம் அந்த மூடியில் இருந்தன. அதிகாரியின் நாற்காலி ஓரடி பின்னால் நகர்ந்தது.

இரண்டாவது மூடிமேல் நனைத்த கேன்வாஸைப் போட்டாள். மறுபடி அடித்தாள். துணியை எடுத்தபோது அங்கே ஒரு பள்ளம், வழவழவென்று, ஒரு கீறல்கூட இல்லாமல். சின்னவன் இடது கையை ஊன்றி எழுந்து வந்து அதன்மேல் ஊதினான். நெசவுக் கோடு எழுந்தது. பிறகு வெள்ளைக் காரின் பள்ளத்தில் ஊதினான். அதே கோடு.

அதிகாரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "மெதுவா இடிச்சிருந்தா விரிசல் விடாம இருக்கலாம்ல? ரப்பர் பம்பர்தானே?"

"சரி சார். மெதுவாத்தான் இடிச்சேன்" என்றாள் அவள். மூச்சு வாங்கியது. "அப்ப அந்த மூணு பேர் கழுத்தும் இடுப்பும் எப்படி சார் போச்சு? வேகமா இடிச்சேன்னா பெயிண்ட் உடையணும். மெதுவா இடிச்சேன்னா எலும்பு உடையக் கூடாது. எது வேணுமோ நீங்களே ஒண்ணை எடுத்துக்குங்க. ரெண்டையும் எடுக்கக் கூடாது."

இன்சூரன்ஸ்காரி போனைத் திருப்பிப் படம் எடுக்கத் தொடங்கினாள்.

"சார், இவ புருஷனே டிங்கர்தான்" என்றான் கம்பவுண்டர் பணிவாக. "இந்தத் துணி வித்தை இவனோடது. கார் இங்க நிக்கிறப்ப இவன் வந்து தடவிட்டுப் போனதைக் காவலாளி பாத்திருக்கார். இவனே ஏதாவது செஞ்சிருப்பான்."

அதிகாரி சின்னவனைப் பார்த்தார். "நீ இல்லேன்னா வேற யாருய்யா இப்படி அடிப்பான்?"

எல்லாம் அந்தக் கேள்வியில் வந்து நின்றது. பதில் சொல்லாவிட்டால் லைசென்ஸ் போகும். சொன்னால் அண்ணன் போவான். அவள் கணவன் முகத்தைப் பார்க்காமல் சுத்தியலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவனை அவள் எதுவும் கேட்கவில்லை.

"எங்க அண்ணன்" என்றான் சின்னவன்.

ஆள் அனுப்பினார்கள். அரை மணி நேரத்தில் பெரியவன் வந்தான், அவனாக வரவில்லை. அண்ணி அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துத் தள்ளிக்கொண்டே வந்தாள். பெரியவன் தம்பியின் கைக்கட்டைப் பார்த்தான். கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்த பிறகு வேறு எங்கும் பார்க்கவில்லை.

"இதை அடிச்சது யாரு?" என்றார் அதிகாரி.

"நான்தான். அதோ நிக்கிறானே கம்பவுண்டர், அவன் சொல்லி. இது பதினேழாவது கார். பதினேழையும் சொல்றேன், எழுதிக்குங்க. ஆனா தம்பி கையை..." சொல்லும்போதே கம்பவுண்டர்மேல் பாய்ந்தான்.

கழுத்தைப் பிடித்துக் காரின்மேல் அழுத்தி, முகத்தில் மூன்று குத்து விட்டான். கம்பவுண்டரின் பல் ஒன்று அதிகாரியின் காலடியில் வந்து விழுந்தது. இடுப்பெலும்பு உடைந்தவன் ஒரே தாவலில் பெரியவன் முதுகில் ஏறினான். கழுத்து திரும்பாத ஓட்டுநர், பின்னால் வந்த காவலாளியைச் சட்டென்று திரும்பிப் பார்த்து அவர் முகத்தில் முழங்கையால் இடித்தான். தடியன் கீழே கிடந்த சுத்தியலை எடுத்துத் தலைக்குமேல் ஓங்கினான். கழுத்துப் பட்டை அவிழ்ந்து ஒரு பக்கம் தொங்கியது. சின்னவன் மனைவி வாளியால் அவன் முகத்தில் அடித்தாள், அதனால் சுத்தியல் சரிந்து வந்தது. நேராக வந்திருந்தால் பெரியவன் அங்கேயே முடிந்திருப்பான். சரிந்து வந்ததில் நெற்றித் தோல் கிழிந்து புருவத்தின்மேல் தொங்கியது.

காவலர்கள் வந்து பிடிப்பதற்குள் மூன்று நோயாளிகளும் முற்றத்தின் மதிலை எட்டிவிட்டிருந்தார்கள். ஒருவன் ஏறியும் விட்டான். காலைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டார்கள்.

"படம் எடுத்திட்டியாம்மா?" என்றார் அதிகாரி. குரல் நடுங்கியது.

"முழுசா" என்றாள் இன்சூரன்ஸ்காரி. அவளுக்குத் தூக்கம் கலைந்திருந்தது. "இனிமே எங்க மேலிடம் எப்படிக் கொடுத்து முடிக்குதுன்னு பாக்குறேன் சார்."

பெரியவன் வெள்ளைக் காரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அண்ணி முந்தானையால் அவன் நெற்றியை அழுத்திப் பிடித்திருந்தாள். அவள் கொழுந்தனைப் பார்த்த பார்வையில் மன்னிப்பும் இல்லை, சாபமும் இல்லை, வெறும் களைப்பு. விலங்கோடு காவலர் வந்து நின்றார். சின்னவன் அண்ணன் எதிரே குந்தி உட்கார்ந்தான்.

"நல்லாத்தானேடா அடிச்சிருந்தேன்?" என்றான் பெரியவன்.

"ஒரு விரிசல் இல்லண்ணே."

பிறகு பெரியவனை ஏற்றிக்கொண்டு வண்டி போனது. அவனுக்கு இரண்டு வருடம் கிடைத்தது. கம்பவுண்டருக்கும் அதே இரண்டு வருடம்தான். அடித்தவனுக்கும் அடிக்கச் சொன்னவனுக்கும் ஒரே அளவு போட்டது அந்த நீதிமன்றம். சின்னவனின் விரல்கள் கூடின, மடங்கவில்லை.

ஆனால் அன்றைக்கு அந்த அலுவலகத்தில் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதிகாரி தன் அறைக்குப் போய் இழுப்பறையைத் திறந்தார். எல்லோர் எதிரிலும் நடுங்கியதில் அவருக்குக் கோபம். லைசென்ஸை எடுத்து மேசையின் இந்தப் பக்கம் வீசினார். அது வழுக்கிக்கொண்டு வந்து ஓரத்தில் நின்றது.

"எடுத்துட்டுப் போம்மா. கேஸ் இல்ல."

அவள் எடுக்கவில்லை. உள்ளங்கை இரண்டும் சுத்தியல் பிடித்ததில் கொப்புளித்து, ஒன்று உடைந்து வழிந்துகொண்டிருந்தது. அந்தக் கையை மேசைக்குமேல் நீட்டினாள்.

"கையில கொடுங்க சார்."

அதிகாரி அவளைப் பார்த்தார். வாசலில் சின்னவன் நின்றான், அவன் பின்னால் இன்சூரன்ஸ்காரி, காவலாளி, அண்ணி. யாரும் நகரவில்லை.

நாற்காலி கிறீச்சிட்டது. அவர் எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, லைசென்ஸை எடுத்து அவள் கையில் வைத்தார்.